ஓட்டும் நிலமும்: ஃபேனி லூ ஹேமரின் வாழ்க்கை

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ளது மிசிசிப்பி மாநிலம். அதன் வடமேற்கில் இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் வண்டல் பூமியை டெல்டா என்பார்கள். பருத்திக்கு அப்படியொரு மண் அந்த நாட்டிலேயே வேறெங்கும் கிடையாது என்று பேர். அந்த மண்ணில் காடு வெட்டியவர்களும், உழுதவர்களும், களை எடுத்தவர்களும், பருத்தி எடுத்தவர்களும் கறுப்பின மக்கள். பட்டா மட்டும் வெள்ளையர் பெயரில் இருந்தது.

1863இல் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது. 1865 ஜனவரியில், உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், கடலோரப் பகுதிகளில் விடுதலையான குடும்பங்களுக்குத் தலா 40 ஏக்கர் வரை நிலம் பிரித்துக் கொடுக்க ராணுவத் தளபதி ஷெர்மன் ஆணை போட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் புதிய அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நிலம் பழைய பண்ணையார்களிடமே போய்ச் சேர்ந்தது. விடுதலை கிடைத்தது, விதைக்க இடம் கிடைக்கவில்லை. அடுத்த நூறு ஆண்டுத் துயரத்துக்கு அதுவே வேர்.

அந்த நூறாண்டின் கடைசிப் பகுதியில் வாழ்ந்து, ஓட்டுக்காகவும் நிலத்துக்காகவும் ஒருசேரப் போராடியவர் ஃபேனி லூ ஹேமர். ஓட்டுக்காக அவர் பட்ட அடி உலகுக்குத் தெரியும். நிலத்துக்காக அவர் செய்தது அவ்வளவாகத் தெரியாது.

20ஆவது பிள்ளை

1917 அக்டோபர் 6ஆம் தேதி மிசிசிப்பியின் மாண்ட்காமரி மாவட்டத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் லீ டவுன்சென்ட், தாய் லூ எல்லா. அவர்களுக்கு இவர் 20ஆவது பிள்ளை, கடைக்குட்டி. குழந்தைக்கு இரண்டு வயதானபோது குடும்பம் டெல்டாவில் உள்ள சன்ஃப்ளவர் மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. ரூல்வில் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் பண்ணையில் வாரத்துக்குப் பயிர் வைத்தார்கள்.

அங்கு வாரச் சாகுபடி எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நிலம் பண்ணையாருடையது. விதை, உரம், கருவி எல்லாம் அவர் கொடுக்கும் கடன். அறுவடை வரும்வரை சாப்பாட்டுக்கு மாவும் எண்ணெயும் பண்ணைக் கடையில் கடனாக வாங்க வேண்டும். விலை அவர் வைத்தது, வட்டி அவர் போட்டது, கணக்குப் புத்தகம் அவர் கையில். பருத்தி விற்ற பிறகு ஆளுக்குப் பாதி என்பது பேச்சு. கடனைக் கழித்துப் பார்த்தால் உழைத்தவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. பாக்கி அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறும். பாக்கி இருக்கும்வரை பண்ணையை விட்டுப் போக முடியாது.

ஃபேனி லூ பருத்திக் காட்டில் இறங்கியபோது வயது 6. வழியோரம் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையிடம் பண்ணையார் காரை நிறுத்தி, 30 பவுண்டு பருத்தி எடுத்தால் கடையில் மிட்டாயும் தின்பண்டமும் தருவதாக ஆசை காட்டினார். 30 பவுண்டு என்பது பதிமூன்றரை கிலோ. குழந்தை எடுத்தது. தின்பண்டமும் கிடைத்தது. அடுத்த வாரம் அதைவிட அதிகம் எடுக்கச் சொன்னார். 13 வயதில் அவர் ஒரு நாளைக்கு 200 பவுண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் கால் சற்றுத் தாங்கும். அந்தக் காலோடுதான் வயலில் நின்றார்.

பண்ணைப் பிள்ளைகளுக்கு ஓரறைப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. பருத்தி வேலை இல்லாத குளிர்காலத்தில் நாலு மாதம் மட்டும் நடக்கும். பள்ளிக்கூட நாட்காட்டி வகுத்தது பருத்திச் செடி. ஃபேனி லூ படிப்பில் கெட்டி. எழுத்துக்கூட்டும் போட்டியிலும் பாட்டு ஒப்பிப்பதிலும் முன்னால் நிற்பார். ஆறு குளிர்காலம் படித்தார். 12 வயதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு அவருக்குப் பாடம் சொன்னது தேவாலயத்து பைபிளும், கையில் கிடைத்த தாள்களும்தான்.

அறுவடை முடிந்த பிறகும் தாய் ஓயமாட்டார். மற்றப் பண்ணைகளில் எடுத்து முடித்த காட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவார். செடியில் மிச்சம் சொச்சம் ஒட்டியிருக்கும் பருத்தியைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். செருப்பு கிடையாது. உறைபனி விழுந்த தரையில் காலில் கந்தலைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அப்படிச் சேர்த்த காசில் குளிர்காலம் கழிந்தது. கறுப்பாக இருப்பதற்காகத் தலை குனியக் கூடாது என்று மகளுக்குச் சொல்லி, கறுப்புப் பொம்மை ஒன்றை வாங்கிக் கொடுத்தவரும் அந்தத் தாய்தான்.

மூன்று கோவேறு கழுதைகள்

ஃபேனி லூ பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருந்தபோது குடும்பத்துக்கு ஓர் ஆண்டு விளைச்சல் கைகொடுத்தது. தந்தை சேர்த்து வைத்த பணத்தில் மூன்று கோவேறு கழுதைகள், மாடுகள், ஏர், பழைய கார் ஒன்று வாங்கினார். ரொக்கக் குத்தகைக்கு நிலம் பிடித்தார். சொந்தக் கால்நடை இருந்தால் பண்ணையாரிடம் கடன் கேட்க வேண்டியதில்லை. விளைச்சலில் பாதி கொடுக்க வேண்டியதில்லை. வீட்டைச் செப்பனிடத் தொடங்கினார்கள்.

ஒரு நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது கால்நடைகள் செத்துக் கிடந்தன, சில செத்துக்கொண்டிருந்தன. தீவனத் தொட்டியில் யாரோ பாரிஸ் பச்சை என்ற பூச்சிமருந்தைக் கலந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர்தான் செய்தார் என்று குடும்பம் உறுதியாக நம்பியது. வழக்கு இல்லை, விசாரணை இல்லை. குடும்பம் மீண்டும் வாரத்துக்கு வந்தது. அதன்பின் அவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

தந்தை 1939இல் இறந்தார். வயலைத் திருத்தும்போது தாயின் கண்ணில் ஏதோ தெறித்து, சிகிச்சைக்கு வழியின்றிப் பார்வை போனது. அவரைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டவர் ஃபேனி லூ. செத்துக் கிடந்த அந்தக் கால்நடைகளை அவர் மறக்கவில்லை. கறுப்பர் ஒருவர் தனியாகத் தலை தூக்கினால் ஒரு கைப்பிடி மருந்தில் முடித்துவிடுவார்கள் என்பதைச் சிறு வயதிலேயே கண்டிருந்தார்.

தராசில் ஒரு திருத்தம்

1944 வாக்கில் பெரி ஹேமர் என்ற டிராக்டர் ஓட்டுநரைத் திருமணம் செய்துகொண்டார். இருவரும் ரூல்விலுக்கு அருகே மார்லோ என்பவரின் பண்ணையில் 18 ஆண்டுகள் உழைத்தார்கள். ஃபேனி லூவுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று அறிந்த பண்ணையார், ஆட்களின் நேரத்தையும் பருத்தி எடையையும் குறிக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தார்.

அங்குதான் பண்ணையின் திருட்டு அவருக்கு வரிவரியாகத் தெரிந்தது. பருத்தி எடுத்தவர்களுக்கு எடை குறைத்துக் காட்டும்படி தராசுக் கல் வைத்திருந்தார்கள். பண்ணையார் பக்கத்தில் இல்லாத நேரங்களில் ஃபேனி லூ தன்னிடம் இருந்த சரியான கல்லை மாட்டி எடை போடுவார். அவர் வந்ததும் பழைய கல்லுக்கு மாற்றிவிடுவார். எந்தச் சங்கமும் இயக்கமும் அந்தப் பக்கம் வராத காலத்தில் அவர் தனியாளாகச் செய்தது இது.

1961இல் வயிற்றில் சிறு கட்டி என்று அறுவைச் சிகிச்சைக்குப் போனார். மருத்துவர் அவரைக் கேட்காமலேயே கருப்பையை எடுத்துவிட்டார். விவரம் பிறகு பண்ணை வீட்டுப் பேச்சில்தான் அவர் காதுக்கு வந்தது. அந்தக் காலத்தில் மிசிசிப்பியில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு இது நடந்தது. ஹேமர் தம்பதி ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்குப் போட வழியில்லை. ஆனால் பின்னாளில் இதை மேடைகளில் வெளிப்படையாகச் சொன்ன முதல் பெண்களில் அவரும் ஒருவர்.

44 வயதில் தெரிந்த உரிமை

1962 ஆகஸ்டில் மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் ரூல்வில் தேவாலயத்தில் ஒரு கூட்டம் நடத்தினார்கள். கறுப்பின மக்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று அங்கேதான் ஃபேனி லூ முதன்முதலாகக் கேள்விப்பட்டார். அப்போது வயது 44. சன்ஃப்ளவர் மாவட்டத்தில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தவர்களோ நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

ஆகஸ்ட் 31ஆம் தேதி 18 பேர் ஒரு பழைய பேருந்தில் ஏறி, மாவட்டத் தலைநகரான இண்டியானோலாவுக்குப் போனார்கள். 26 மைல் தூரம். பெயர் சேர்க்க ஒரு தேர்வு எழுத வேண்டும். மாநில அரசியலமைப்புச் சட்டத்திலிருந்து ஒரு பிரிவைக் காட்டி, அதற்கு விளக்கம் எழுதச் சொல்வார்கள். சரியா தவறா என்று முடிவு செய்வது அந்த வெள்ளை அதிகாரி. படிவத்தில் யாரிடம் வேலை செய்கிறீர்கள் என்றும் எழுத வேண்டும். வேலையிலிருந்து யாரைத் துரத்த வேண்டும் என்பதை விண்ணப்பமே காட்டிக் கொடுத்துவிடும். ஃபேனி லூ தேர்வில் தோற்றார்.

திரும்பும் வழியில் போலீஸ் பேருந்தை மறித்தது. பேருந்தின் மஞ்சள் நிறம் பள்ளிப் பேருந்து போல இருக்கிறது என்று சொல்லி ஓட்டுநருக்கு அபராதம் போட்டார்கள். 100 டாலர் கேட்டு 30 டாலருக்கு இறங்கி வந்தார்கள். ஏழைகள் தங்களிடம் இருந்த சில்லறையைப் போட்டுக் கட்டினார்கள். உள்ளே எல்லோரும் பயந்திருந்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தேவாலயப் பாடல்களைப் பாடத் தொடங்கினார். அது ஃபேனி லூ. அன்றுமுதல் அந்தக் குரல் இயக்கத்தின் குரலானது.

வீடு வந்து சேரும் முன்பே சேதி பண்ணைக்கு வந்துவிட்டது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையேல் வெளியேறு என்பது பண்ணையாரின் நிபந்தனை. ஃபேனி லூ அன்றிரவே வெளியேறினார். 18 ஆண்டு உழைப்பு ஒரே இரவில் போனது. அறுவடை முடியும்வரை கணவர் மட்டும் பண்ணையிலேயே இருக்க வேண்டியிருந்தது. செப்டம்பர் 10ஆம் தேதி, ஃபேனி லூ தங்குவதாகக் கருதப்பட்ட ஒரு நண்பர் வீட்டின் மீது 16 முறை சுட்டார்கள். டிசம்பரில் அவர் மறுபடியும் தேர்வு எழுதினார். 1963 ஜனவரியில் தேர்ச்சி என்று தெரிந்தது.

படித்தவர் படிக்காதவருக்குச் சொல்லிக் கொடுக்கும் குடியுரிமைப் பள்ளிகள் அப்போது தென்மாநிலங்கள் எங்கும் நடந்துகொண்டிருந்தன. செப்டிமா கிளார்க் போன்ற ஆசிரியைகள் வளர்த்த இயக்கம் அது. கையெழுத்துப் போடுவது, படிவம் நிரப்புவது, சட்டப் பிரிவுக்கு விளக்கம் எழுதுவது எல்லாம் இரவு வகுப்பில் சொல்லித் தருவார்கள். ஃபேனி லூ அங்கே பயிற்சி பெற்று, தானும் வகுப்பு எடுத்தார். பருத்தி எடுத்த கை கரும்பலகையில் எழுதியது.

வினோனா சிறையிலிருந்து நாட்டின் முன்

1963 ஜூன் 9ஆம் தேதி, தென் கரோலினாவில் ஒரு பயிற்சியை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வினோனா என்ற ஊரில் பேருந்து நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் சிலர் உட்காரப் போனதற்காகப் போலீஸ் ஃபேனி லூ உள்ளிட்ட சிலரைக் கைது செய்தது. சிறையில் இரண்டு கறுப்பினக் கைதிகளை மிரட்டி, அவர்கள் கையாலேயே ஃபேனி லூவைத் தடியால் அடிக்க வைத்தார்கள். சிறுநீரகம் பழுதானது. ஒரு கண்ணில் ரத்தம் கட்டியது. அந்த உடல் கடைசிவரை சரியாகவில்லை. அதிகாரிகள் மீது வழக்கு நடந்தது. வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு அவர்களை விடுவித்தது.

அடுத்த ஆண்டு, 1964இல், மிசிசிப்பியின் ஜனநாயகக் கட்சி வெள்ளையரை மட்டுமே கொண்டிருந்ததால், ஏழை மக்கள் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்று மாற்றுக் கட்சி தொடங்கினார்கள். அந்தக் கோடையில் மாநிலத்தில் 40க்கும் மேற்பட்ட இடங்களில் விடுதலைப் பள்ளிகள் நடந்தன. ஆகஸ்ட் 22ஆம் தேதி அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக் குழுவின் முன் ஃபேனி லூ சாட்சி சொன்னார். பண்ணையை விட்டுத் துரத்தியதையும் வினோனா சிறையையும் எழுதி வைத்துப் படிக்காமல் நேராகச் சொன்னார். தொலைக்காட்சி ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூப்பிட்டுப் பேசி, கேமராக்களைத் தன் பக்கம் திருப்பினார். ஆனால் அன்றிரவே அந்தப் பேச்சு மறுபடியும் ஒளிபரப்பாகி நாடே பார்த்தது.

68 பேர் கொண்ட அணிக்கு இரண்டே இரண்டு இடம் தருவதாகக் கட்சித் தலைவர்கள் சொன்னார்கள். கிடைத்ததை வாங்கிக்கொள்ளும்படி பெரிய தலைவர்கள் சிலரும் அறிவுரை சொன்னார்கள். ஃபேனி லூவும் தோழர்களும் மறுத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். மறு ஆண்டே வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1968 மாநாட்டில் ஃபேனி லூ முறையான பிரதிநிதியாக உட்கார்ந்தார்.

பசியை ஆயுதமாக்கியவர்கள்

வழக்கமாக அவர் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். ஆனால் ரூல்வில் மக்களின் கதை முடியவில்லை.

1962 குளிர்காலத்திலேயே ஒன்று நடந்திருந்தது. பக்கத்து லெஃப்ளோர் மாவட்டத்தில், மத்திய அரசு ஏழைகளுக்கு அனுப்பும் உபரி உணவுப் பொருட்களை மாவட்ட நிர்வாகம் நிறுத்திவிட்டது. வேலையில்லாத அந்த மாதங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த மாவையும் அரிசியையும் நம்பித்தான் இருந்தார்கள். கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கிளம்பியதற்கு அது தண்டனை.

அடுத்து இயந்திரம் வந்தது. பருத்தி எடுக்க இயந்திரம், களையைக் கொல்ல மருந்து. 1967 பிப்ரவரியில் விவசாயக் கூலிகளுக்கு மணிக்கு ஒரு டாலர் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்ததும், பண்ணையார்கள் ஆட்களைக் கும்பலாக நிறுத்தினார்கள். நிலத்தைத் தரிசாகப் போட்டாலும் பண்ணையாருக்கு அரசு மானியம் உண்டு. அதே சன்ஃப்ளவர் மாவட்டத்தில் 5,800 ஏக்கர் வைத்திருந்த செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட், ஆண்டுக்கு லட்சம் டாலருக்கு மேல் மானியம் வாங்கினார். அவர் நிலத்தில் வியர்வை சிந்தியவர்களின் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். வேலை போனால் பண்ணைக் குடிசையும் போகும். ஆயிரக்கணக்கானோர் சிகாகோவுக்கு ரயில் ஏறினார்கள்.

1967இல் அந்த மாவட்டத்தில் சன்ஃப்ளவர் என்ற சிற்றூருக்கு மறுதேர்தல் நடந்தது. ஃபேனி லூ முன்னின்று போட்ட வழக்கில் பழைய தேர்தல் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதால் வந்த தேர்தல் அது. கறுப்பின வாக்காளர்கள் கணிசமாகப் பதிவாகியிருந்தும் கறுப்பின வேட்பாளர்கள் தோற்றார்கள். வேலையும் வீடும் கடனும் வெள்ளையர் கையில் இருக்கும்போது, பெட்டி முன்னால் போய் நிற்பவரின் கை நடுங்கும் என்பது ஃபேனி லூவுக்குப் புரிந்தது. அரசு கொடுக்கும் உணவுச் சீட்டும் போதாது, அதையும் ஒரு நாள் நிறுத்தலாம். சொந்தமாகச் சோறு இருந்தால்தான் ஓட்டு சொந்தமாக இருக்கும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

பன்றி வங்கி

முதலில் தொடங்கியது பன்றி வங்கி. கறுப்பினப் பெண்களின் தேசிய மன்றம் இதற்கு உதவியது. அதன் தலைவர் டோரத்தி ஹைட். நாற்பது, ஐம்பது பன்றிகளோடு 1960களின் கடைசியில் வங்கி திறந்தது. பணம் போடும் வங்கி அல்ல. ஒரு குடும்பம் வந்து சினைப்பன்றி ஒன்றை வாங்கிப் போகும். காசு கிடையாது. அது ஈனும் குட்டிகள் அந்தக் குடும்பத்துக்கு. வளர்ந்த பெட்டைகளில் சிலவற்றை வங்கிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவை அடுத்த குடும்பத்துக்குப் போகும். மாடு, ஆடு வாரத்துக்குப் பிடித்து வளர்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டெனப் புரியும். ஒரே வித்தியாசம், இங்கே மேலே ஒரு முதலாளி இல்லை. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான குடும்பங்களில் குளிர்காலத்துக்கு உப்புக்கண்டம் தொங்கியது.

தொட்டியில் நஞ்சு கலந்து ஒரு குடும்பத்தின் கால்நடையைக் கொல்லலாம். நூறு வீட்டுத் தொழுவத்தில் பிரிந்து நிற்கும் பன்றிகளை என்ன செய்ய முடியும்? தந்தைக்கு நடந்ததற்கு மகள் கண்ட மாற்று இது.

1969இல் சன்ஃப்ளவர் மாவட்டத்தின் ட்ரூ என்ற ஊருக்குப் பக்கத்தில் 40 ஏக்கர் வாங்கினார்கள். விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் இருந்த ஓர் அறக்குழு 10,000 டாலர் திரட்டிக் கொடுத்தது. 1865இல் சொல்லி, கொடுக்காமல் போன அதே 40 ஏக்கர் அளவு. அதற்குச் சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவு என்று பெயர் வைத்தார்கள். பாடகர் ஹாரி பெலஃபான்டே போன்றவர்கள் நிதி திரட்ட உதவினார்கள். ஃபேனி லூவும் ஊர் ஊராகப் போய்ப் பேசி, அந்தப் பணத்தைப் பண்ணையில் போட்டார். இரண்டே ஆண்டில் மேலும் 640 ஏக்கர் சேர்ந்தது.

உறுப்பினர் சந்தா மாதம் ஒரு டாலர். அதைக் கட்ட முடிந்தவை சுமார் 30 குடும்பங்களே. சந்தா கட்ட முடியாத நூற்றுக்கணக்கான குடும்பங்களும் உறுப்பினர்களாகவே கருதப்பட்டன. பசியென்று வந்தவரிடம் ரசீது கேட்பதில்லை. ஏழை வெள்ளைக் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. தன்னைத் துரத்தியவர்களின் இனம் என்று ஃபேனி லூ கணக்குப் பார்க்கவில்லை.

நிலத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியில் சோயாவும் பருத்தியும். அது விற்பனைக்கு, நிலத்தின் தவணையும் வரியும் அதிலிருந்து கட்ட வேண்டும். இன்னொரு பகுதியில் பயறு, பீன்ஸ், கீரை, வெண்டை, பூசணி, வெள்ளரி, நிலக்கடலை, சர்க்கரைவள்ளி. அது சாப்பாட்டுக்கு. வேலை செய்தவர்கள் எடுத்துப் போனார்கள். வேலை செய்ய முடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நூறாண்டுகளாக வீட்டு வாசல்வரை பருத்தியே நட வைத்த மண்ணில், முதன்முறையாக உழைத்தவர்கள் தங்களுக்கு எது வேண்டுமோ அதை நட்டார்கள்.

பண்ணை சோற்றோடு நிற்கவில்லை. மத்திய அரசின் ஊரக வீட்டுக் கடனைப் பெற ஏழைகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து, முன்பணத்துக்கும் வழி செய்தது. பல பத்துக் குடும்பங்கள் குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள சொந்த வீட்டில் முதன்முறையாகக் குடியேறின. சொந்த வீடு இருப்பவரை ஓட்டுப் போட்டதற்காக யாரும் இரவோடு இரவாக வெளியேற்ற முடியாது. குழந்தைகளுக்குப் பால்வாடி, பெண்களுக்குத் தையல் வேலை, கல்லூரி போகும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை என்று வேலைகள் விரிந்தன.

இது ஃபேனி லூவின் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 1967இல் தென்மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. இன்றும் அது கறுப்பின விவசாயிகளுக்காக இயங்குகிறது. பக்கத்து பொலிவார் மாவட்டத்தில், சத்துக் குறைவால் வந்த நோயாளிகளுக்கு மருத்துவர்கள் உணவையே மருந்தாக எழுதிக் கொடுக்க, அங்கும் ஒரு கூட்டுப் பண்ணை எழுந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் 1969இல் தொடங்கிய நியூ கம்யூனிட்டீஸ் கூட்டுப் பண்ணை 5,000 ஏக்கருக்கு மேல் வைத்திருந்து, கடனால் 1985இல் நிலத்தை இழந்தது.

பண்ணை ஏன் நிலைக்கவில்லை

சுதந்திரப் பண்ணையும் நிலைக்கவில்லை. காரணங்களை மறைக்க வேண்டியதில்லை. நிலம் பெரும்பாலும் கடனில் வாங்கியது. தவணை நிற்காது, விளைச்சல் நிற்கும். 1971 பிப்ரவரியில் டெல்டாவைச் சூறாவளி தாக்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வந்து பயிரைக் கெடுத்தன. தவணைக்கு என்று ஒதுக்கிய பயிரே போனபோது கையில் எதுவும் இல்லை. பெரிய பண்ணைகளுக்குக் கிடைத்த வங்கிக் கடனும் அரசு மானியமும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. இருந்த பணத்தையும் கஷ்டம் என்று வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கணக்கு வழக்கும் நிர்வாகமும் சீராக இல்லை. நன்கொடையும், நன்கொடை கொண்டுவரும் ஒரே ஒரு மனிதரின் பேச்சும்தான் பண்ணையைத் தாங்கின. அந்த மனிதர் நோயில் விழுந்தபோது தாங்க ஆள் இல்லை. 1970களின் நடுவில் கடனுக்கும் வரிக்குமாக நிலம் கைவிட்டுப் போனது.

அந்தக் காலத்துப் பெரிய கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1920இல் அமெரிக்காவில் கறுப்பின விவசாயிகள் 9 லட்சத்துக்கும் மேல். 1978இல் 60,000க்கும் குறைவு. நிலத்தை அவர்கள் விரும்பி விட்டுவிடவில்லை. கடன் மறுப்பு, ஏலம், பத்திர மோசடி, மிரட்டல் என்று பல வழிகளில் அது பறிபோனது. அந்த ஓட்டத்துக்கு எதிராகச் சில நூறு ஏக்கரை ஏழெட்டு ஆண்டு பிடித்து நின்றதே பெரிய காரியம்.

கடைசி நாட்கள்

ஃபேனி லூ 1971இல் மாநில செனட்டுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். டூகலூ உள்ளிட்ட கல்லூரிகள், ஆறு குளிர்காலமே பள்ளிக்குப் போன அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தன. மார்பகப் புற்றுநோயும் ரத்த அழுத்தமும் வாட்டின. 1977 மார்ச் 14ஆம் தேதி, கறுப்பின மக்களே உருவாக்கிய மவுண்ட் பயூ நகரின் மருத்துவமனையில் இறந்தார். வயது 59. சொத்து என்று பெரிதாக எதுவும் விட்டுச் செல்லவில்லை.

பண்ணைக் கூட்டுறவு வாங்கியிருந்த நிலத்தின் ஒரு துண்டில், ரூல்விலில், அவரை அடக்கம் செய்தார்கள். 1992இல் கணவர் பெரி ஹேமரும் அவர் அருகிலேயே அடக்கமானார். அந்த இடம் இப்போது ஒரு நினைவுத் தோட்டம். 2012இல் அங்கே அவருக்குச் சிலை வைத்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் உயரிய விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை அவர் மறைவுக்குப் பின் வழங்கியது.

1965 வாக்குரிமைச் சட்டம் வரலாற்றுப் பாடத்தில் இருக்கிறது. சினைப்பன்றி வாங்கிப் போய், அடுத்த ஆண்டு வேறொரு குடும்பத்துக்காகப் பெட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து கட்டியவர்கள் பாடத்தில் இல்லை. சட்டம் கொடுத்த உரிமையைப் பயமில்லாமல் பயன்படுத்த அவர்களுக்கு வயிற்றில் சோறும், தலைக்கு மேல் சொந்தக் கூரையும் வேண்டியிருந்தது. அதைத் தனித்தனியாகத் தேடினால் பறித்துக்கொள்வார்கள் என்று ஃபேனி லூ தன் தந்தையின் தொழுவத்திலேயே பார்த்திருந்தார். படிக்கும் பிள்ளைகள் அவர் வாழ்க்கையின் இரண்டு பாதியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.